ஸ்கோப் இல்லாத துப்பாக்கி: குற்றாலத்திலிருந்து செங்கோட்டைக்கு!

குற்றாலத்தில் சீசன் களைகட்டினால், அருவியில் குளித்த ஈரத்தலையோடு கூட்டம் கிளம்புவது பிரானூர் பார்டர் பரோட்டாவுக்குத்தான். ‘அது என்ன பார்டர்?’ என்று சாப்பிடும்போது யாரும் கேட்பதில்லை. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு இணையும்வரை செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. அந்த எல்லை இன்று பெயரில் மட்டும் மிச்சம்.

கை கழுவிவிட்டு வண்டியை எடுத்தால் சில நிமிடங்களில் செங்கோட்டை. அங்கே வாஞ்சிநாதன் மணிமண்டபம். புனலூரில் காட்டிலாகா வேலை பார்த்த உள்ளூர் இளைஞர். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டபோது வயது 25. கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி.

மொபைலில் துப்பாக்கி கேம் ஆடும் பிள்ளைகளுக்கு ‘ஸ்கோப்’ இல்லாமல் குறியே கிடையாது. தூரத்து ஆளைப் பக்கத்தில் காட்டும் குட்டித் தொலைநோக்கி அது. காலாட்படையில் அது பெருமளவில் பரவியது, மணியாச்சி சம்பவத்துக்கு மூன்று வருடம் கழித்து வந்த முதல் உலகப்போரில்தான். ஜெர்மானியர்கள் வேட்டைக்கான ஸ்கோப்புகளை மௌசர் ரைஃபிளில் மாட்டினார்கள். பிரிட்டிஷார் லீ-என்ஃபீல்டில் அதை இடப்பக்கமாகத் தள்ளிப் பொருத்தினார்கள். மேலே வைத்தால் தோட்டாக்களைக் கொத்தாக நிரப்ப முடியாதே! பாவம், சுடுபவர்தான் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

வாஞ்சிக்கு அதெல்லாம் இல்லை. கண்ணும் கையும்தான். சுடக் கற்றது புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். ஸ்கோப்பில் பார்ப்பவரை எதிராளி பார்க்க முடியாது. மணியாச்சியில் இருந்ததோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் தூரம். அதே முதல் வகுப்புப் பெட்டியில் ஆஷின் மனைவி மேரியும் இருந்தார். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பிய பயணம் அது. சுட்டதும் பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் ஓடி, அதே துப்பாக்கியால் வாஞ்சி தன்னையும் முடித்துக்கொண்டார். சட்டைப்பையில் இருந்த கடிதத்தின் சில வரிகள் இன்றைக்கும் விவாதமாகின்றன. ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது.

நேரமிருந்தால் தென்காசியிலிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகப் பாபநாசம் போய்வரலாம். கடையம், பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். பாபநாசம் அருவியில்தான் 1925 ஜூனில் வ.வே.சு. ஐயரின் மகள் சுபத்திரை தண்ணீரில் விழுந்தார். குறிபார்க்கக் கற்றுக்கொடுத்த அந்த மனிதர், மகளைக் காப்பாற்ற இறங்கி, கரையேறவே இல்லை.