சூடேறாத வண்டி

எங்கள் தந்தையார் 1997-இல் வாங்கிய மாருதி 800-ஐப் பற்றி வீட்டில் ஒரு பெருமை உண்டு. அது சூடேறாத வண்டி. சித்திரை வெயிலில் ஈரோட்டிலிருந்து சேலம் போய்த் திரும்பினாலும் வெப்பம் காட்டும் முள் அடிக்கோட்டை விட்டு அதிகம் எழாது. பிறர் வண்டிகள் நீர் கொதித்துச் சாலையோரம் நிற்கையில், நாங்கள் சற்றே நிமிர்ந்து அமர்ந்து கடந்து போவோம். அது பெருமையன்று, நோய் என்று அறிய எங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

2018 டிசம்பரில் அம்மாவுடன் கோத்தகிரியில் தங்கிவிட்டு விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கினோம். அம்மாவுக்குக் குளிர் தாளவில்லை. ஹீட்டரைத் திறந்தோம், வெளிக்காற்றே உள்ளே வந்தது. எஞ்சினைச் சுற்றி வந்த நீரின் சூட்டைத்தான் ஹீட்டர் நமக்குத் தருகிறது. இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலையில்லை. இருந்த கொஞ்சச் சூட்டையும் ரேடியேட்டர் வாங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் அதைத் தடுக்க வேண்டியவன் எங்கே?

வீடு திரும்பியதும், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் எஞ்சினோடு சேரும் இடத்து மூடியைக் கழற்றினோம். உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை. பழுதாகியிருக்கவில்லை, இல்லவே இல்லை. (வகுப்பில் இதை 'வெப்பநிலைநிறுத்தி' எனலாம். உதிரிபாகக் கடையில் அப்படிக் கேட்டால் நம்மைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அங்கே அது 'தெர்மோஸ்டாட் வால்வு'.)

நினைவு வந்தது. 2006-இல் ஒருமுறை வண்டி கொதித்தது. ரேடியேட்டரில் ஆண்டுக்கணக்காக ஆழ்குழாய்க் கிணற்று நீரையே ஊற்றிவந்தோம். அதன் உப்பு படிந்து வால்வு மூடியபடியே இறுகியிருக்க வேண்டும். பட்டறைக்காரர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, "நம்மூரு வெயிலுக்கு அதெல்லாம் எதுக்குங்க சார்?" என்றார். வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க அது சரியான வைத்தியமே. புதியதைப் பொருத்தாமல் விட்டதுதான் பிழை. இன்றும் நம் பட்டறைகளில் இந்த வாதம் செல்லுபடியாகிறது. எஞ்சினுக்கு வேண்டியது ஏறத்தாழ 90 டிகிரி. அதன் கணக்கில் கோத்தகிரியின் 10 டிகிரி மட்டுமன்று, ஈரோட்டின் 40 டிகிரியும் குளிர்தான். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. எரியாத மிச்சம் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும், தேய்மானம் கூடும், மைலேஜ் குறையும்.

மைலேஜ் என்ற சொல்லில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சற்று நேரம் நின்றோம். ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் கிலோமீட்டரைக் குறித்து வகுத்து எழுதும் வழக்கம் அப்பாவுக்கு உண்டு. அந்த நோட்டை எடுத்துப் புரட்டினோம். 2006 மே வரை 17, 17.5. அதன்பின் 15, 14.8. அக்காலத்தில் அவரிடம் நாங்கள் சொன்னதும் நினைவில் இருந்தது: கிளட்சிலேயே காலை வைத்திருக்கிறீர்கள், சோக்கை உள்ளே தள்ள மறக்கிறீர்கள், வயதாகிவிட்டது. காலையில் சோக்கை இழுத்தே வைத்திருந்தால்தான் வண்டி நகர்கிறது என்று அவர் சொல்லிப் பார்த்தார். 2011-இல் ஒரு நாள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "இனி நீங்களே ஓட்டுங்க" என்றார். 2015-இல் காலமானார்.

புதிய வால்வின் விலை ஒரு நல்ல புத்தகத்தின் விலைதான். பொருத்துமுன் சோதித்தோம். அதன் நடுவே பித்தளைக் குப்பியில் மெழுகு இருக்கிறது; உருகிப் பருக்கும்போது ஊசியைத் தள்ளி வாயைத் திறக்கும், ஆறினால் சுருள்வில் மூடிவிடும். வாயிடுக்கில் ஒரு நூலைக் கவ்வவிட்டு, அந்நூலாலேயே வால்வை நீருக்குள் தொங்கவிட வேண்டும்; பாத்திரத்தின் அடியில் படக்கூடாது. கல்லூரி வேதியியல் துறையிலிருந்து வெப்பமானியை இரவல் வாங்கி வந்திருந்தோம். அம்மா எட்டிப் பார்த்து, "அதை எதுக்கு சாமி வேக வைக்கறீங்க?" என்றார். 82 என்று பொறித்திருந்தது. 81-ஐத் தாண்டியதும் நூல் நழுவி, வால்வு 'டக்'கென்று பாத்திரத்தில் விழுந்தது.

பொருத்துவதில் நுட்பம் அதிகமில்லை, பொறுமை வேண்டும். எஞ்சின் முற்றும் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தவர் முகம் வெந்துபோகும். பழைய கேஸ்கெட்டின் துணுக்கு ஒன்று மிஞ்சினாலும் கசியும். மெழுகுக் குப்பி எஞ்சினை நோக்கியும், காற்றுப் போகும் சிறு துளை மேல்நோக்கியும் அமைய வேண்டும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும், அலுமினியத்தில் மரை எளிதில் அழிந்துவிடும். கிணற்று நீருக்கு விடைகொடுத்து, கூலண்டும் வாலை வடிநீரும் சரிபாதியாய் ஊற்றினோம். மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓடவிட்டோம். குமிழிகள் வந்தடங்கின. அதுவரை குளிர்ந்து கிடந்த மேல் ஹோஸ் திடீரெனக் கையைச் சுட்டது; வால்வு திறந்துவிட்டது.

பவானி வரை ஓட்டிப் பார்த்தோம். முள் பாதிக்குச் சற்றுக் கீழே ஏறி, அங்கேயே நின்றது. சோக்கைச் சற்று நேரத்திலேயே தள்ளிவிட முடிந்தது. அடுத்த முறை பெட்ரோல் நிரப்பியபோது அப்பாவின் நோட்டிலேயே, அவர் விட்ட பக்கத்தில் எழுதினோம்: 16.9.