சாப்ளினுக்கு அளவெடுத்தல்

துணிப்பொம்மைக்கு முகம் தைக்கிறதுதான் கஷ்டம் எண்டு சொல்லுவினம். எங்கட பீடக் கண்காட்சிக்காகச் சார்லி சாப்ளினைத் தைத்தபோது முகம் எனக்குப் பெரிய வேலையாக இருக்கவில்லை. கறுப்பு நூலால் ஒரு குட்டி மீசை, அவ்வளவுதான். உடுப்புத்தான் உயிரை எடுத்தது.

1914இல் அந்த நாடோடி திரைக்கு வந்தபோதே உடுப்பில் எல்லாம் ஒன்றுக்கொன்று எதிர்: கோட் இறுக்கம், காற்சட்டை தொளதொள, தொப்பி சின்னன், சப்பாத்து பெரிசு. வேண்டுமென்றேதான் அப்படித் தெரிவு செய்ததாகச் சாப்ளின் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1915இலேயே அமெரிக்காவின் லூயி ஆம்பர்க் கம்பனி அவரைப் பொம்மையாக்கி விற்றது. உடம்பு துணி, தலை வார்த்தது. கந்தல்காரன் இப்போது சேகரிப்பாளர்களின் கண்ணாடி அலுமாரிக்குள் நிற்கிறான்!

கோட் வெட்ட அம்மாவைக் கேட்டேன். அவ வருஷக்கணக்காய் ஊருக்குத் தைக்கிற ஆள்.

"உது பொத்தான் பூட்டாது பிள்ளை. அளவு பிழைச்சுப்போச்சு எண்டு ஆக்கள் சிரிப்பினம்."

"சிரிக்கத்தானே அம்மா."

கத்தரிக்கோலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "முகாமில மூட்டை அவிட்டுத் தந்த உடுப்பும் உப்பிடித்தான் இருந்தது. நீ சின்னன், உனக்கு ஞாபகமிராது. கொப்பாவுக்குக் கிடைச்ச சேட்டு முழங்கையோட நிண்டுட்டுது."

சாப்ளினின் கோட் ஆரோ போட்டுக் கழித்ததாய் இருக்கலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதேயில்லை.

பிறகு வெட்டினா. ஒரு கையை மற்றதைவிடக் கட்டையாய் விட்டிருக்கிறா. அதை நான் கேட்கவில்லை.