பில்லில் இல்லாத கூலி

2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ‘குரூஷியல்’ என்ற பெயரில் கடைகளுக்கு விற்றுவந்த ரேம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தை விட்டு விலகப்போவதாக. ஏஐ தரவு மையங்கள் மெமரியை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும்போது, ஒற்றை ரேம் வாங்க வருகிறவருக்கு யார் சரக்கு ஒதுக்குவார்கள்? சில மாதங்களாகவே ரேம் விலை ஏறிக்கொண்டிருந்தது. திருவள்ளூரில் இருக்கும் என் நண்பர், பாலிடெக்னிக் படிக்கும் மகனுக்கு முதல் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பியது இந்த நேரத்தில்தான். பிராண்டட் வாங்குவதா, அசெம்பிள் செய்வதா என்று வீட்டில் பெரிய வழக்கு. “கும்மிடிப்பூண்டியில நமக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் இருக்கான். அவன் சொல்றதக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம், நீயும் வா” என்றார். நண்பர் அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்த்த காலத்துப் பழக்கம்.

பஜாரில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கடை அது. அந்தத் தம்பிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் போனபோது ரிப்பேருக்கு வந்த ஒரு கேபினட்டைத் திறந்து வைத்திருந்தார். மின்விசிறியில் கருப்பாகத் தூசி படிந்திருந்தது. பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே, காந்த முனை கொண்ட ஸ்க்ரூ டிரைவரை அந்தத் தூசிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார். தூசி முனையில் மயிர்மயிராக ஒட்டிக்கொண்டது. இரும்புத் தூள். சிப்காட்டில் இரும்பு உருக்கும் பர்னஸ்களும் ரோலிங் மில்களும் நிறைய. அவற்றின் புகையை மூச்சில் வாங்குவது மனிதர்கள் மட்டுமல்ல. “சென்னையில பில்டர் இல்லாத கேபினட் போட்டாக்கூட ஓட்டிடலாம் சார். இங்க முன்னாடி வலை இல்லன்னா போர்டுமேல வந்து உக்காந்துரும்.”

அவரும் அந்தப் பர்னஸ் ஒன்றில் வேலை பார்த்தவர்தான். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படித்துவிட்டுக் காண்ட்ராக்டில் சேர்ந்திருக்கிறார். நைட் ஷிப்ட் முடிந்த பகல்களில் ரயிலேறி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்குப் போய்ச் சம்பளமில்லாமல் பெட்டி பிரித்து, ஸ்க்ரூ முடுக்கி, இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கிறார். “பர்னஸ்ல என் கூலியில காண்ட்ராக்டர் எவ்வளவு எடுத்தாருன்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது சார்” என்றார். சொல்லும்போது குரலில் கோபம் இல்லை. எனக்கு வந்தது.

பையன் தன் செல்போனில் வைத்திருந்த பட்டியலைக் காட்டினான். ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, மதர்போர்டு எல்லாவற்றுக்கும் பெயரும் மாடலும் இருந்தன. எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். என்ற இடத்தில் மட்டும் ‘500 வாட்ஸ்’ என்று மொட்டையாக இருந்தது. அவர் அதில் விரலை வைத்து நிறுத்தினார்.

மேசைக்கடியிலிருந்து இரண்டு எஸ்.எம்.பி.எஸ். எடுத்தார். ஒன்று தூக்கினால் கை இறங்கியது. இன்னொன்று காலி டப்பா போல இருந்தது. இரண்டின் ஸ்டிக்கரிலும் ஒரே வாட்ஸ். பச்சை வயரையும் கருப்பு வயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்து, போர்டு இல்லாமலே ஓடவிட்டார். ஐ.டி.ஐ. நாளில் வாங்கிய மஞ்சள் மல்ட்டிமீட்டரை வைத்தார். பன்னிரண்டு வோல்ட் லைன் 11.4-க்குக் கீழேயும் 12.6-க்கு மேலேயும் போகக் கூடாது என்பது விதி. சும்மா ஓடும்போது இரண்டும் யோக்கியமாகத்தான் காட்டின. பழைய ஹாலஜன் பல்பு இரண்டை லோடாக மாட்டியதும், லேசான டப்பாவின் எண் சரசரவென்று இறங்கியது. கேம் நடுவே கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்து மறுபடி ஆன் ஆவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். கெட்ட நேரமாக இருந்தால், போகும்போது கிராஃபிக்ஸ் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

அந்த மீட்டர் கடையோடு நிற்பதில்லை. கம்ப்யூட்டரைக் கொடுப்பதற்கு முன் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய், பிளக் பாயின்ட்டில் வைத்துப் பார்க்கிறார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிங்கைச் சரிசெய்யச் சொல்கிறார். சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை லைன் வீடுகள் சிலவற்றில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருப்பதில்லையாம். அங்கே கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். பிராண்டட் பெட்டியோடு இந்தச் சோதனை பெரும்பாலும் வருவதில்லை.

பிராண்டட் பக்கத்து நியாயத்தையும் அவரே சொன்னார். தவணையில் கிடைக்கும், மாதச் சம்பளக்காரருக்கு அது பெரிய விஷயம். எல்லாவற்றுக்கும் ஒரே வாரண்டி, ஒரே போன். அசெம்பிள் என்றால் ப்ராசஸருக்கு 3 வருஷம், மற்றதற்கெல்லாம் தனித்தனிக் கணக்கு. ரேம் விலை எகிறும் இந்த நேரத்தில், முன்பே மொத்தமாக வாங்கி வைத்த கம்பெனியின் பெட்டி சில சமயம் மலிவாகவும் அமையும். ஆனால் சில கம்பெனிகள் எஸ்.எம்.பி.எஸ்., போர்டு இரண்டையும் தங்கள் அளவிலேயே செய்கின்றன. நாளைக்குப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட நினைத்தால், பொதுவான எஸ்.எம்.பி.எஸ். அதில் உட்காராது.

பிறகு அவர் வேறொருவருடைய ஆர்டருக்காக ப்ராசஸரைப் பொருத்தி, பேஸ்ட் வைத்து, போர்டைக் கேபினட்டில் ஏற்றினார். வேலை கை பழகிய வேகத்தில் நடந்தது. பாதி எனக்குப் பிடிபடவில்லை. பயாஸில் ரேம் வேகத்தை மாற்றினால்தான் போட்ட காசுக்குரிய வேகம் வரும், மானிட்டர் வயரை போர்டில் செருகாமல் கிராஃபிக்ஸ் கார்டில் செருக வேண்டும் என்று பையனிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

எனக்குப் புரிந்தது கணக்குதான். வருகிறவர்கள் ஒவ்வொரு பாகத்தின் ஆன்லைன் விலையையும் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதைவிட நூறு ரூபாய் கூடச் சொன்னால் எழுந்துவிடுகிறார்கள். அசெம்பிள் செய்வது இலவசம் என்பது அவர்கள் நினைப்பு. மேலே இருக்கும் டீலரோ, கிராக்கியான கிராஃபிக்ஸ் கார்டைத் தனியாகத் தருவதில்லை. விற்காத கேபினட்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார். இரண்டு பக்கமும் நசுங்குகிற கடைக்காரர் கூலியை எங்கே எடுப்பார்? யாரும் பெயர் கேட்காத ஒரே பாகத்தில்தான் எடுப்பார். நாம் மறுத்த கூலி, லேசான டப்பாவாக நம் வீட்டுக்கே வருகிறது. உழைப்புக்கு விலை இல்லை என்று வாங்குகிறவர் சொல்லும் இடத்தில்தான் இடைத்தரகு வளர்கிறது. காண்ட்ராக்டர் கதையும் இதுதான். அங்கே கொடுப்பவர் கண்ணுக்கும் வாங்குபவர் கண்ணுக்கும் படாமல் நடுவில் காசு கரைகிறது.

இந்தத் தம்பி அதை மாற்றியிருக்கிறார். பாகங்கள் வாங்கிய விலைக்கே; கடைசி வரியில் ‘அசெம்பிளி கூலி 1,500’ என்று தனியாக எழுதுகிறார். பாதிப் பேர் அந்த வரியைப் பார்த்தே போய்விடுகிறார்கள் என்றார்.

நண்பர் அசெம்பிள் செய்வதென்று முடிவெடுத்தார். இப்போதைக்கு 16 ஜி.பி. ரேம் ஒன்று மட்டும். ஜோடியாகப் போட்டால் வரும் வேகம் வராது. விலை இறங்கியதும் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

முதல் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு: தவணைதான் ஒரே வழி என்றால் பிராண்டட் வாங்குங்கள், தவறில்லை. கைக்காசு இருந்து, பக்கத்திலேயே திறந்து சரிசெய்யும் ஆளும் இருந்தால் அசெம்பிள் செய்யுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கம்பெனிப் பெயரையும் மாடலையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கீழே கூலியையும் எழுதச் சொல்லி, பேரம் பேசாமல் கொடுங்கள்.