மலைப்பாதைக்கு ஏற்ற மிதியடி

வத்தலக்குண்டில் நின்று வடமேற்கே நோக்குவோர்க்குப் பழனி மலைத்தொடர் நீலச் சுவரென எழுந்து நிற்பது தெரியும். சுற்றுலாப் பயணிகள் அம்மலையைக் கொடைக்கானல் என்னும் ஒரே பெயரால் அறிவர். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்த அந்நகரின் ஏரியையும், சலேத் மாதா ஆலயத்தையும், 1895-ஆம் ஆண்டு இயேசு சபையினர் செண்பகனூரில் நிறுவிய திரு இருதயக் கல்லூரியையும் கண்டு திரும்புவர். ஆயினும், அத்தொடரின் தாழ்ந்த பகுதியில் வேறோர் உலகம் உண்டு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் எனப் பரந்து கிடக்கும் அவ்வுலகில் நிழல் மரங்களின் கீழ்க் காப்பிச் செடிகள் வளர்கின்றன. மரந்தோறும் மிளகுக் கொடி படர்ந்துள்ளது. 2008-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற விருப்பாச்சி மலைவாழை விளைகிறது. தோட்டத் தொழிலாளரும், பளியர் இன மக்களும் ஆங்காங்கே சிறு குடியிருப்புகளில் வாழ்கின்றனர். இங்குள்ள மலைப் பங்கொன்றில் பணியாற்றும் நம் நண்பரான குருவுடன் கடந்த ஐப்பசியில் சில நாள் தங்கியிருந்தோம். அப்பயணத்தில் நாம் கண்டவற்றுள் நெஞ்சை விட்டு அகலாதது ஒன்று. அது நான்கு டயர்களைப் பற்றியது.

அன்பு வாசகர்களே, குடும்ப இதழில் டயரைப் பற்றியா எழுதுவது என வியப்புற வேண்டா. பன்னிருவரை அனுப்பிய வேளையில் ஆண்டவர், உணவும் பையும் பணமும் வேண்டா என விலக்கினார். ஆனால் கைத்தடியையும் மிதியடியையும் விலக்கவில்லை என மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் காண்கிறோம். வழி நடப்பவனுக்குப் பாதம் காக்கும் பொருள் ஆடம்பரமன்று. இன்றைய மலைப் பங்கின் மிதியடி டயரே.

அப்பங்கின் வண்டி இருபது ஆண்டுகளைக் கடந்தது. நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை செல்லும் பழைய ஜீப் வகை. பின்புறத்தில் வேனைப் போலக் கூடு கட்டி இருபுறமும் இருக்கை அமைத்துள்ளனர். ஞாயிறன்று அது குருவையும் உபதேசியாரையும் கிளைக் கிராமங்களுக்கு ஏற்றிச் செல்லும். வார நாட்களில் கன்னியரின் மருந்துப் பெட்டியைச் சுமக்கும். நள்ளிரவில் பேறுகால வலியில் துடிக்கும் தாயை மருத்துவமனைக்கு இறக்குவதும் அதுவே. அவ்வண்டியின் டயர்கள் தேய்ந்துவிட்டன, மழையோ தொடங்கிவிட்டது.

வண்டி இன்மையால் உயிர் போவது மறைபரப்பு வரலாற்றுக்குப் புதிதன்று. அமலமரி தியாகிகள் சபையைச் சேர்ந்த ஓட்டோ ஃபூர்மன் என்னும் ஜெர்மானியக் குரு 1925-ஆம் ஆண்டு தென்மேற்கு ஆப்பிரிக்காவில் நோயுற்றார்; தொலைவில் இருந்த மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்ல வழியின்றி உயிர் நீத்தார். அவருடைய நண்பரும் அதே சபையின் குருவுமான பவுல் ஷுல்தே அத்துயரை மறவாது, மறைபணித் தளங்களுக்கு ஊர்திகள் வழங்கும் மிவா என்னும் அமைப்பை 1927-இல் நிறுவினார். குருவுக்கு வண்டி எதற்கு என வினவுவோர்க்கு அவ்வரலாறே விடை.

டயர் மாற்றுவது குறித்துப் பங்குப் பேரவை கூடியபோது நாமும் உடனிருந்தோம். கருத்துகள் மூன்றாகப் பிரிந்தன. "ஃபாதர், பெரிய பட்டன் வைத்த மட் டெரெயின் டயராகப் போடுவோம், எந்தச் சேற்றிலும் நிற்காது" என்றனர் இளைஞர். "சாமி, பின் சக்கரம் இரண்டுக்கு மட்டும் புதிது வாங்கலாம்; காசு மிஞ்சும்" என்றார் பொருளாளர். பழைய டயருக்கே ரீட்ரெடிங் செய்து ஓட்டலாம் என்பது மூன்றாம் தரப்பு. எவரையும் குறை கூற இயலாது. அப்பணம் தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்துக் காணிக்கையாக இட்ட பணம்.

கோபுரம் கட்ட விழைபவன் முதற்கண் அமர்ந்து செலவைக் கணக்கிடுவான் என்னும் உவமையை நினைவுகூர்ந்த நம் நண்பர், வண்டியின் குறிப்பேட்டை எடுத்து ஒரு மாதப் பயணத்தைக் கணக்கிட்டார். ஓடிய தூரத்தில் நான்கில் மூன்று பங்கு தார்ச்சாலை. எஞ்சியதே செம்மண்ணும் கருங்கல்லுமான தோட்டப் பாதை. இக்கணக்கே வழக்கைத் தீர்த்தது. மட் டெரெயின் டயரின் பட்டன்கள் பெரியவை. அவற்றிடையே உள்ள பள்ளங்களும் அகன்றவை. சேற்றை வாரி எறிய அது நன்று. ஆனால் நனைந்த தாரில் தரையைத் தொடும் ரப்பர் குறைவாதலால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் ஆகும், இரைச்சல் மிகும், தேய்வும் விரையும். நெடுஞ்சாலைக்கென அமைந்த ஹைவே டயரோ தாரில் இனிது ஓடும். சேற்றில் அதன் நுண்ணிய பள்ளங்கள் அடைபட்டு வழுக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே ஆல் டெரெயின் டயர். எதிலும் முதன்மை பெறாது, எதிலும் கைவிடாது. கலப்புப் பாதைக்கு அதுவே தக்கது.

இரண்டு மட்டும் வாங்குவதைத் தடுத்தவர் வண்டி ஓட்டுநர். இத்தகைய பழைய வண்டிகளில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் டிரான்ஸ்பர் கேஸ் என்னும் பற்சக்கரப் பெட்டியால் ஒன்றாகப் பிணைக்கப்படும். முன் டயர் தேய்ந்து சிறுத்தும் பின் டயர் புதிதாய்ப் பெருத்தும் இருப்பின், ஒரே தூரத்தை இரண்டும் வெவ்வேறு சுற்றுகளில் கடக்க முயலும். அம்முரண் பற்சக்கரங்களை நெரிக்கும். உலர்ந்த தாரில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடலாகாது என்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே நான்கும் ஒரே அளவும் ஒரே வகையுமாக இருத்தல் வேண்டும், ஸ்டெப்னியும் அவ்வாறே. ரீட்ரெடிங் செய்தவற்றை ஆட்களை ஏற்றி மலையிறங்கும் வண்டியின் முன் சக்கரத்தில் நம்ப இயலாது என்பதையும் அவர் எடுத்துரைத்தார். பொருளாளர் சற்று நேரம் மௌனமாயிருந்து, "அப்படியானால் கோயில் வண்ணப்பூச்சு அடுத்த ஆண்டு ஆகட்டும், சாமி" என்றார். அந்த ஒரு சொல்லில் நாம் ஒரு மறையுரையைக் கேட்டோம்.

மறுநாள் திண்டுக்கல் சென்றோம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படிக்கக் கடைக்காரர் நமக்குக் கற்பித்தார். 215/75 ஆர் 15 என்பது அவ்வண்டிக்குக் குறித்த அளவு. 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 75 விழுக்காடு, அதாவது 161 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 15 என்பது அங்குலத்தில் வளையத்தின் விட்டம். ஆக, டயரின் முழு உயரம் ஏறத்தாழ 704 மில்லிமீட்டர். இளைஞர் விரும்பிய 235/75 ஆர் 15 அளவோ 734 மில்லிமீட்டர் உயரமுள்ளது. வண்டி தரையினின்று உயர்வது 15 மில்லிமீட்டரே. ஆனால் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடிக்கும்போது டயர் மட்கார்டில் உரசக்கூடும். முதிய எஞ்சினுக்கு இழுவையும் கூடும். வேகமானி நான்கு விழுக்காடு குறைத்தே காட்டும். எனவே குறித்த அளவையே கொண்டனர்.

அடுத்து எடைக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 105 என்றால் 925 கிலோ. மலையிறக்கத்தில் எடை முன் சக்கரங்களின்மேல் சாய்வதால், குறித்ததற்குக் குறைந்ததை ஒருபோதும் ஏற்றல் ஆகாது. இறுதியாக டயரின் வயது. பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்கள் அதனைக் கூறும். 2319 எனில் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பங்கு வண்டிகள் குறைவாகவே ஓடுவதால் பட்டன் தேயுமுன் ரப்பர் முதிர்ந்து வெடிப்புறும். விலை மலிவென்று பல்லாண்டு கிடங்கில் உறங்கியதை வாங்குவது சிக்கனமன்று.

ஐந்து புதிய டயர்களுடன் மலையேறியபோது மழை கொட்டியது. தார்ச்சாலையில் வண்டி நிலைகுலையாமல் ஏறிற்று. தோட்டப் பாதை தொடங்கும் இடத்தில் ஓட்டுநர் இறங்கி, நான்கு டயர்களிலும் காற்றைச் சிறிது குறைத்தார். காற்றுக் குறைந்தால் டயர் பரந்து கல்லையும் மண்ணையும் கவ்வும். திரும்பித் தாருக்கு வந்ததும் கைப்பம்பால் மீண்டும் நிரப்பினார். குறைந்த காற்றுடன் விரைந்தால் டயர் சூடேறிக் கெடும் என்பது அவர் அறிந்தது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தவாறே வராமல் தாழ்ந்த கியரிலேயே இறக்கினார். அன்று மேலே, பல மாதங்களாகப் படுக்கையில் இருந்த மூதாட்டி ஒருவர் நற்கருணை பெற்றார். கீழே இறங்குகையில் காய்ச்சலில் வாடிய குழந்தையும் அதன் தாயும் பின் இருக்கையில் அமர்ந்திருந்தனர். மட் டெரெயின் கேட்ட இளைஞருள் ஒருவர் அக்குழந்தைக்குக் குடை பிடித்தவாறு வந்தார்.

எந்த டயரும் எட்டாத இடமும் இம்மலையில் உண்டு. பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையில் வெள்ளகவி என்னும் சிற்றூர் உள்ளது. அண்மைக் காலம் வரையிலும் மட்டக்குதிரையும் மனிதத் தோளுமே அங்குச் சுமை ஏற்றின. ஊருக்குள் செருப்பின்றி நடப்பது அம்மக்களின் வழக்கம். வண்டி நிற்கும் இடத்தில் கால்கள் தொடர வேண்டும் என்பதை அவ்வூர் நமக்கு நினைவூட்டுகிறது.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வேன் அமர்த்திச் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடகையைப் பேசுமுன் டயரைக் குனிந்து பாருங்கள். பள்ளங்களுக்கிடையே உள்ள சிறு மேடு, அதாவது 1.6 மில்லிமீட்டர் அடையாளம், பட்டனோடு சமமாகிவிட்டதா எனக் காணுங்கள், நான்கு இலக்கத்தைப் படியுங்கள், ஸ்டெப்னியையும் கேளுங்கள். இருக்கைக்கு மேல் ஓர் ஆளையும் ஏற்றாதீர்கள். புறப்படுமுன் செபமாலையைக் கையில் எடுப்பது போலவே இதுவும் பயணத்தின் தொடக்கமாகட்டும். புனித கிறிஸ்தோபர் நமக்காக வேண்டிக்கொள்வார். டயரைப் பார்க்கும் வேலை நம்முடையது.