ஹெரால்டுக்குக் கூரை

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை. நானும் என் மனைவியும் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குத் தீனி கொடுப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். ராகியும் சோறும் கொள்ளும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த பெரிய உருண்டையைப் பாகன் யானையின் வாய்க்குள்ளேயே வைத்து ஊட்டுவதை எத்தனை தடவை பார்த்தாலும் எங்களுக்கு அலுப்பதில்லை. 2023இல் பொம்மன், பெள்ளி தம்பதியரைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்த பிறகு அங்கே கூட்டம் அதிகம். ஆனாலும் மசினகுடியில் குடியிருக்கும் எங்களுக்கு அதுதான் கோயில், கடற்கரை எல்லாம்.

வண்டி நிறுத்திய இடத்துக்கு வந்தால், எங்கள் ஹெரால்டு காரின் கித்தான் கூரை நீளவாக்கில் கிழிந்து தொங்குகிறது. பின் இருக்கையில் ஒரு குரங்குக் குடும்பம். பேத்திக்கென்று வாங்கி வைத்திருந்த ஊட்டி வர்க்கியைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. விரட்டினேன். போகிற போக்கில் ஒன்று இன்னும் ஒரு முழம் கிழித்துவிட்டுப் போயிற்று.

அங்கிருந்து வீட்டுக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு வளைவைத் தாண்டியதும் முன்னால் போன ஜீப் நின்றது. சாலையோரம் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் ஒரு தாய் யானையும் குட்டியும். முகாம் யானை இல்லை, காட்டு யானை. அவை கடந்து போகும்வரை கால் மணி நேரம் விளக்கைத் தணித்துக்கொண்டு, தலைக்கு மேல் கூரை இல்லாமல், நனைந்தபடி உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவளுக்கு இருமல் தொடங்கிற்று. பத்து நாள் வீசிங்.

ஊட்டியிலிருந்து மகள் போன் பண்ணினாள். “அப்பா, ஒண்ணு அந்தக் காருக்கு ஒழுங்கா ஒரு கூரை போடுங்க, இல்ல வித்துடுங்க. அம்மாவை இனிமே அதுல ஏத்தாதீங்க.”

இந்த இடத்தில் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் காலத்தில் ரோட்டில் கார் என்றால் மூன்றுதான்: அம்பாசடர், பியட், ஹெரால்டு. முதல் இரண்டும் கல்கத்தா, பம்பாய்ப் பிள்ளைகள். ஹெரால்டு நம் சென்னைப் பிள்ளை. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் இங்கே தயாரித்தது. 948 சி.சி. எஞ்சின். இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டின் அச்சு. உருவம் வரைந்தவர் மிக்கெலோத்தி என்ற இத்தாலியர். என்னுடையது 1966ஆம் வருட வண்டி, இரண்டு கதவு. 1981இல் பாண்டிச்சேரியில் ஓய்வு பெற்ற ஒருவரிடம் வாங்கினேன்.

மற்ற கார்களில் இல்லாத ஒரு விசேஷம் இதில் உண்டு. இதன் உடம்பு ஒரே வார்ப்பு இல்லை. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனிக்கு முழு பாடி அடித்துக் கொடுத்த பட்டறையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதாம். அதனால் தனிச் சேஸிஸ் மேல் துண்டு துண்டாகப் போல்ட்டு போட்டு முடுக்குகிற மாதிரி ஹெரால்டை வடிவமைத்தார்கள். கூரையும் போல்ட்டுதான். கழற்றினால் வந்துவிடும்.

இதுதான் வினையாயிற்று. சினிமாவில் கதாநாயகன் திறந்த காரில் பாட்டுப் பாடிப் போவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நான். 1982இல் சென்னை புதுப்பேட்டைக்குக் கொண்டுபோய்க் கூரையைக் கழற்றி, கித்தானில் மடக்குக் கூரை போட்டுக்கொண்டு வந்தேன். கடற்கரைச் சாலையில் ஓட்டியபோது என் சம்பளம் யாருக்கும் தெரியவில்லை. கழற்றிய தகரக் கூரையை வீட்டுக் கொல்லையில் போட்டேன். விறகு நனையாமல் இருக்க அது உதவிற்று.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். அப்பா பிரெஞ்சு நிர்வாகத்தில் வேலை பார்த்தவர். பிறகு நான் புதுவை அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, பழைய ‘எத்தா சிவில்’ பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் படிக்க அந்தப் படிப்புதான் சோறு போட்டது. கித்தான் கூரைக்குப் பிரெஞ்சில் ‘கப்போத்’ என்று பெயர். சிப்பாய் போடும் நீளக் கோட்டுக்கும் அதே சொல். அதாவது அது சட்டை மாதிரி, வேண்டுமானால் போடலாம், வேண்டாமானால் கழற்றலாம். தகரக் கூரை வீடு மாதிரி.

இரண்டுக்கும் நடுவில் வழி கண்டுபிடித்தவர் ஒருவர் இருந்தார். ழோர்ழ் பொலேன் என்ற பிரெஞ்சுக்காரர். தொழில் பல் வைத்தியம். கெட்டித் தகரக் கூரை அப்படியே பின்னால் சரிந்து டிக்கிக்குள் இறங்கிவிடும்படி ஒரு ஏற்பாடு செய்தார். 1934இல் பெழோ கம்பெனி ‘எக்லிப்ஸ்’ என்ற பெயரில் அப்படிப்பட்ட கார்களை விற்றது. எக்லிப்ஸ் என்றால் கிரகணம். பின்னாளில் அவர் ஜெர்மானியருக்கு எதிராக ரகசிய வேலை பார்த்து, 1942இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் கார் நமக்குக் கிடைக்காது. என் முன் இருந்தவை மூன்று வழிகள்.

முதலாவது, புதுக் கித்தான். செலவு குறைவு. ஆனால் தெப்பக்காட்டுக் குரங்குகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

இரண்டாவது, பைபர் கிளாஸில் மேலே வைத்துப் பூட்டும் கூரை. கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்காரர் அச்சு எடுத்துச் செய்து தருவதாகச் சொன்னார். வெயில் காலத்தில் கழற்றிக்கொள்ளலாம் என்றார். ஆசைதான். ஆனால் அதைத் தூக்க நாலு ஆள் வேண்டும். எழுபத்து நாலு வயதில் நான் நாலு ஆளுக்கு எங்கே போவேன்?

மூன்றாவது, பழைய தகரக் கூரையையே திருப்பி மாட்டுவது. அது என் மனதுக்குப் பிடிக்கவில்லை. மாட்டினால் பிறகு கழற்றமாட்டேன் என்று எனக்கே தெரியும். நாற்பது வருஷமாக மேலே ஆகாயம் பார்த்து ஓட்டிய வண்டி. மாயாறு பாலத்தின் மேல் போகும்போது ஆற்றின் குளிர்ச்சி முகத்தில் அடிக்கும், மூங்கில் வாசனையும் யானை லத்தி வாசனையும் சேர்ந்து வரும். அதையெல்லாம் ஒரு தகரத்தை வைத்து மூடவேண்டுமா என்று இருந்தது. உண்மையைச் சொன்னால், கூரையை மாட்டினால் வயதாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம்.

இந்த நேரத்தில் இன்னொரு பிரச்சினை வந்தது. வண்டி புதுவைப் பதிவு. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவை மாற்றவேண்டும் என்பது சட்டம். நாங்கள் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மகள் வீட்டுக்கு முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி மலைப்பாதையில் ஏறிப் போய்விடலாம்; ஆனால் வெளியூர்ப் பதிவு வண்டிகளை அந்த வழியாக இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றிக்கொண்டு வரவேண்டும். டி.என். 43 எண் வாங்கியே ஆகவேண்டும்.

மனு எழுத உட்கார்ந்து ஆர்.சி.யை எடுத்தேன். உடல் வகை என்ற கட்டத்தில் ‘சலூன்’ என்று இருந்தது. சலூன் என்றால் மூடிய கார்.

அந்தக் கட்டத்தை நான் முதல் தடவையாகப் பார்த்தேன் என்று எழுதினால் அது பொய். எனக்குத் தெரியும். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் கித்தானை இழுத்து மூடிப் பொத்தான் போட்டுக்கொண்டு போவேன். நானும் ஒரு குமாஸ்தா என்ற மரியாதையில் காரியம் நடந்துவிடும். பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று எத்தனை பேருடைய மனுவைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! ஒரு கிழவி மூன்று தடவை பஸ் ஏறி வந்தது இன்றும் நினைவிருக்கிறது. என் காருக்குக் கூரையே மாறியிருந்தது.

2021இல் வந்த விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாமே என்று மருமகன் சொன்னார். இருபதாயிரம் ரூபாய் கட்டணம். ஆனால் அதற்கும் வண்டி அசல் உருவத்தில் இருக்கவேண்டும். தவிர, அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான் எடுத்துப் போகலாம், தினப்படி ஓட்டமுடியாது. யானை பார்க்கப் போவது எந்தக் கண்காட்சியில் சேரும்?

ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, “நீ என்ன சொல்றே?” என்று கேட்டேன். அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“இந்தக் கார் விஷயத்துல நீங்க என்னைக் கேக்கறது இதுதான் முதல் தடவை,” என்றாள்.

பிறகு நிதானமாகச் சொன்னாள். திறந்த காரில் போனால் அவளுக்குக் காது வலிக்குமாம். நான் ஏதோ ஸ்டைலுக்கு என்று நினைத்த அந்தத் தலைத்துணி அதற்குத்தானாம். “நீங்க அவ்வளவு சந்தோஷமா ஓட்டுவீங்க. அதை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.” அன்று யானைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுகூட அவளுக்கு யானையைவிட என்மேல்தான் கோபம் என்றாள்.

அப்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. புதுவை வீட்டைக் காலி செய்தபோது, லாரிக்காரர் அந்தத் துருப்பிடித்த கூரையைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னார். நானும் சரி என்றேன். இவள்தான் பிடிவாதமாக ஏற்ற வைத்தாள். இங்கேயும் விறகுக்கு வேண்டும் என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மசினகுடியில் எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. விறகே கிடையாது.

மறுநாள் கூரையைக் கூடலூர் மெக்கானிக்கிடம் அனுப்பினேன். மழைநீர் ஓடும் விளிம்பில் துரு தின்ற இடத்தை வெட்டித் தகடு வைத்துப் பற்றவைத்தார். பின் கண்ணாடி கோயம்புத்தூரில் பழைய ஹெரால்டு ஒன்றிலிருந்து கிடைத்தது. ரப்பர் பீடிங் புதிது. பெயிண்ட் நிறம் கொஞ்சம் ஒட்டவில்லை. கீழே பழைய நீலம், மேலே புது நீலம். மேடு பள்ளத்தில் திறந்துகொள்ளும் கதவு இப்போது ஒழுங்காகச் சாத்துகிறது. பாதி பலம் கூரையில்தான் இருந்தது என்றார் மெக்கானிக். பிப்ரவரிக் கடைசியில் ஆய்வாளர் சுற்றிப் பார்த்தார். ‘சலூன்’ என்ற கட்டத்துக்கு நேரே டிக் போட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை தெப்பக்காட்டுக்குப் போனோம். பாலத்தில் காற்று முகத்தில் அடிக்கவில்லை. அது நஷ்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் போகும்போதும் வரும்போதும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பேத்தி படிப்பு, பக்கத்து வீட்டுச் சண்டை, கோதுமை மாவு விலை. திறந்த காரில் இவள் பேசமாட்டாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். காற்றுச் சத்தத்தில் எனக்குத்தான் கேட்கவில்லை.

உங்களில் யாராவது பழைய வண்டி வைத்திருந்தால், ஆர்.சி.யை எடுத்து உடல் வகை என்ற கட்டத்தை ஒரு தடவை பாருங்கள். பார்த்துவிட்டு, பக்கத்து இருக்கையில் வழக்கமாக உட்காருகிறவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.