படப்பையும் படவில்லையும்

இல்லத்தை ஒட்டிய தோட்டத்தைப் படப்பை என்றும், வாயிலின் முன்னிடத்தை முன்றில் என்றும் வழங்கினர் பண்டைத் தமிழர். ஜான் டெய்லர் நிறுவனம் 1880-ஆம் ஆண்டு தங்கவயலில் கால்கொண்டபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளினின்று பிழைப்பு நாடி வந்த நம் முன்னோர் அவ்விரு சொற்களின் பொருளையும் உடன்கொண்டு வந்தனர் எனலாம். அதிகாரிகளின் பங்களாக்களுக்கு அகன்ற தோட்டங்கள் வாய்த்தன. லைன் வீட்டாருக்கு வாய்த்ததோ கையகல முன்றில். அதிலும் கறிவேப்பிலையும் கனகாம்பரமும் தழைத்தன.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. பிள்ளைகள் பலர் பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் சென்றுவிட்டனர். அவர்களுக்கு நாம் அனுப்பும் நிழற்படத்தில் கோரமண்டல் வீட்டுத் தோட்டம் எவ்வாறு தோன்றவேண்டும்? விடை பெரும்பாலும் லென்ஸ் எனப்படும் வில்லையின் தேர்வில் அடங்கியுள்ளது.

பன்னிரண்டு அடி அகலமுள்ள முன்றிலை முழுமையாகப் படத்தில் அடக்க, முழுச்சட்டக் கேமராவில் 28 மி.மீ. வில்லைக்கு ஒன்பது அடித் தொலைவு போதும். 35 மி.மீ. வில்லைக்குப் பன்னிரண்டு அடியும், 50 மி.மீ. வில்லைக்குப் பதினேழு அடியும், 85 மி.மீ. வில்லைக்கு இருபத்தெட்டு அடியும் வேண்டும். குறுகிய தெருவில் அவ்வளவு பின்வாங்க இடமிராது. ஆதலின் பலரும் அகலக்கோண வில்லையை நாடுவர். கைப்பேசியின் முதன்மை வில்லையும் பெரும்பாலும் அத்தகையதே.

அகலக்கோணத்திற்குச் சில குறைகள் உண்டு. ஓரத்தில் நிற்பவரின் உருவம் அகன்றுவிடும். பாட்டியை நடுவில் நிறுத்துதல் நன்று. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் உட்சாய்ந்து தோன்றும். இவை சிறு குறைகளே. பெருங்குறை வேறொன்று: அருகே நின்று எடுப்பதால் முன்னுள்ள செடி பெருக்கும், தொலைவிலுள்ளது சிறுக்கும். கையகல முன்றில் பங்களாத் தோட்டமாகிவிடும். அதன் பின்னே நிற்கும் சயனைடு மண்மேடோ அடிவானத்தில் ஒரு கோடாய் ஒடுங்கிவிடும்.

தெருக்கோடிக்குச் சென்று 85 மி.மீ. வில்லையால் அதே செடியை அதே அளவில் எடுத்துப் பார்ப்போம். மேடு மும்மடங்கு பெரிதாய் எழுந்து நிற்கும். பாறையைப் பொடித்துப் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மண்ணன்றோ அம்மேடு! நம் பாட்டனாரின் உழைப்பில் எஞ்சியது அது. காற்றடிக்கும் காலத்தில் இலைகளின்மீது வெண்தூளாய்ப் படிவதும் அதுவே. அதனைப் படத்தினின்று விலக்குவது அழகாயிருக்கலாம், உண்மையாகாது.

ஒரு வில்லையே வாங்க இயலுமெனின் 35 மி.மீ. போதுமானது; சிறிய உணரியுடைய கேமராவில் 24 மி.மீ. அதற்கு நிகராகும். வீடும் செடியும் மனிதரும் இயல்பாக அதில் அடங்குவர். இரண்டாவது வாங்க வசதியிருப்பின், மேட்டையும் தோட்டத்தையும் இணைத்துக் காட்ட 85 மி.மீ. வாங்கலாம். பூவை மட்டும் அண்மையில் காட்டும் மேக்ரோ வில்லை அதன் பின்னரே. எவ்வில்லையாயினும் தெளிவான காப்புக் கண்ணாடி ஒன்றைப் பொருத்துக; இவ்வூர்த் தூசியைத் துணியால் தேய்த்தால் கீறல் விழும், ஊதியே அகற்றுக.

செம்பருத்தி எந்நாட்டிலும் மலரும். இம்மண்மேட்டின் அடியில், குடங்களில் சுமந்த நீரால் மலர்ந்தது என்பதனை நம் பேரக்குழந்தைகள் படத்தைப் பார்த்தே அறியவேண்டும். அதற்கு இடந்தரும் வில்லையே நமக்கு ஏற்ற வில்லை.