பேரீச்சம்பழத்துக்குப் போன சைக்கிள்

போன மாதம் தம்பி வண்ணார்பேட்டையிலிருந்து பேசினான். வீட்டு வரி, அம்மாவின் மூட்டுவலி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, போகிற போக்கில் ஒன்று சொன்னான்: "அப்பா சைக்கிள எடைக்குப் போட்டாச்சுண்ணே. வெள்ளத்துல முங்குனதுலேருந்து துருவேறில்லா கெடந்துச்சு. இனி அத வச்சு என்ன செய்ய?"

2023 டிசம்பரில் தாமிரபரணி கரை மீறி வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு என்று புகுந்த வெள்ளம் அது. எத்தனையோ பேர் வீடு வாசலையே இழந்த வெள்ளத்தில் ஒரு சைக்கிளுக்காகக் கலங்குவது முறையில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அவன் அதைச் சொன்னபோது நான் நாட்டிங்ஹாமில், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில், ஒரு பழைய சைக்கிளின் பால்ஸை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

நான் ஓவராயில் செய்துகொண்டிருந்தது ராலே மேவரிக். எண்பதுகளின் நடுவில் வந்த மவுண்டன் பைக். இந்த வகைச் சைக்கிள் பிறந்தது கலிபோர்னியாவின் மரின் பகுதியில். எழுபதுகளில் சில இளைஞர்கள், இரண்டாம் உலகப் போருக்கு முந்திய தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைச்சரிவில் விட்டார்கள். கீழே வந்து சேர்வதற்குள் பின் ஹப்பிலிருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். மறுபடி பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இன்று பழைய சைக்கிள் சேகரிப்பவர்கள் அந்தக் கலிபோர்னியா சைக்கிள்களையும் ஜப்பான் சைக்கிள்களையும் தேடிப் போய் வாங்குகிறார்கள். மேவரிக்கை மட்டும் "கனம் ஜாஸ்தி, சாதாரணக் கடைச் சரக்கு" என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. அது எங்கள் வீட்டுச் சைக்கிளுக்குப் பங்காளி.

1949இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியதுதான் டி.ஐ. சைக்கிள்ஸ். அம்பத்தூரில் அவர்கள் செய்த ஹெர்குலிஸில்தான் அப்பா முப்பது வருஷம் வேலைக்குப் போனார். அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸிடம் 1960இல் ராலேயும் வந்து சேர்ந்தது. 1987 வரை அங்கேயே இருந்தது. பர்மிங்காமில் பிறந்த ஹெர்குலிஸும் நாட்டிங்ஹாமில் பிறந்த ராலேயும் கொஞ்ச காலம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இந்த ஊரைப் பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்டியே ஆக வேண்டும். நான் நடந்துபோகும் தூரத்தில், சனிக்கிழமைதோறும் தன்னார்வலர்கள் நடத்தும் சைக்கிள் பட்டறை ஒன்று உண்டு. ஸ்டாண்டும் ஸ்பானரும் அவர்கள் தருவார்கள். வேலையை நாமே செய்ய வேண்டும். ஓய்வுபெற்ற டாக்டர், லாரி ஓட்டுகிறவர், பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளை மூவரும் ஒரே கிரீஸ் டப்பாவில் கை விடுவதை அங்கேதான் பார்த்தேன். கையில் கறை படிவதை யாரும் கௌரவக் குறைச்சலாக நினைப்பதில்லை. பழசைச் சரிசெய்யும் 'ரிப்பேர் கஃபே' என்ற கூட்டங்கள் 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி இங்கேயும் ஊர் ஊராகப் பரவியிருக்கின்றன. 2020இல், கொரோனா ஊரடங்கு தளர்ந்த கையோடு, பழைய சைக்கிளை ரிப்பேர் பார்க்க அரசாங்கமே ஐம்பது பவுண்டு கூப்பன் கொடுத்தது. நம்மூரில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் தருகிறது, நல்ல காரியம். அதைக் கழற்றி மாட்டவும் பள்ளிக்கூடத்திலேயே ஒரு நாள் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைப்பேன். நான் சின்ன வயதில் செயினைத் தொட்டபோது வீட்டில் விழுந்த அதட்டல் இன்னும் காதில் இருக்கிறது: "படிக்கிற பிள்ளைக்கு இது என்னத்துக்கு?" அந்த ஒரு கேள்வியால் எத்தனை கைகள் வேலை தெரியாமல் போயின!

ஆனால் இந்த ஊரில் ரிப்பேர் என்பது நேரமும் மனசும் உள்ளவர்களின் சனிக்கிழமைப் பொழுது. கடையில் கொடுத்து முழு ஓவராயில் பார்த்தால், ஒரு மலிவுச் சைக்கிளே வாங்கிவிடும் அளவுக்குக் கூலி ஆகிறது. அதனால் கையில் காசு குறைந்தவர்கள்தான் இங்கே பழசைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்குகிறார்கள். நம்மூரிலோ காசில்லாதவனின் சைக்கிள்தான் அதிக நாள் ஓடும். பால் கேனும் வாழைத்தாரும் ஏற்றி ஏற்றி, ஃபோர்க் வளைந்தால் நிமிர்த்தி, ரிம் கோணினால் பெண்டு எடுத்து, மட்கார்டில் பத்த வைத்து இரண்டு தலைமுறைக்கு ஓட்டிவிடுவார்கள். அதற்குத் தெருவுக்கு ஒரு கடையும் கடைக்கு ஒரு அண்ணாச்சியும் இருந்தார்கள்.

எங்கள் தெருமுனை அண்ணாச்சியிடம் எந்தப் புத்தகமும் இருந்ததில்லை. "இடது பெடலுக்கு மட்டும் எதிர்த் திருகு, மறந்துராதல" என்று அவர் ஒரு தரம் சொன்னது போதும். பின் சக்கரத்துக்குப் பக்கத்துக்கு ஒன்பது கால் இஞ்ச் பால்ஸ். கிரீஸை விரலால் வழித்து உள்ளே தடவி, பால்ஸை ஒவ்வொன்றாக ஒட்டி வைப்பார். கோனை இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக் கையை எடுத்துவிடுவார். வால்வின் கனத்துக்கே சக்கரம் தானாகத் திரும்பி, அப்படியும் இப்படியும் மெல்ல ஆடி, வால்வு கீழே வந்து நிற்க வேண்டும். பாதியில் நின்றால் மறுபடி பிரிப்பார். மேவரிக்கின் பின் சக்கரத்தை நான் பட்டறையில் இப்படி விட்டுப் பார்த்தபோது, சொல்லிக் கொடுப்பவர் பக்கத்தில் வந்து நின்று, எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். வண்ணார்பேட்டையில் என்றேன். அந்த ஊர்ப் பெயரை இங்கே நான் அவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.

ஐம்பதுகளில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட பத்து லட்சம் சைக்கிள் செய்த ராலே, 2002இல் நாட்டிங்ஹாமில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆலை நின்ற இடத்தில் இப்போது பல்கலைக்கழக வளாகம். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் நம் ஊர்க் கடைகளில் புதுச் சைக்கிள்களில் இன்னும் மின்னுகின்றன. எங்கள் சுலோச்சன முதலியார் பாலத்துக்கும் இதே கதை. முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டு, லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் போல 1843இல் கட்டிய அந்தப் பாலத்தின் மேல்தான் இன்றும் வண்ணார்பேட்டைக்காரர்கள் ஜங்ஷனுக்குப் போகிறார்கள். லண்டனில் இருந்த மூலப் பாலத்தை 1930களில் இடித்துவிட்டார்கள். தான் தொலைத்ததை இங்கிலாந்து இன்று சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தேடி ஒட்ட வைக்கிறது. நாம் கையில் இருப்பதை எடைக்குப் போடுகிறோம்.

தம்பியைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறதாம். வேறு தெருவில் வேறொரு அண்ணாச்சி நிச்சயம் உட்கார்ந்திருப்பார். வெள்ளத்தில் முங்கிய சைக்கிள் வீட்டில் கிடந்தால் அவரிடம் உருட்டிக்கொண்டு போங்கள். ஆற்றுத் தண்ணீரில் இரும்பு பார் சீக்கிரம் சாகாது. தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்து, உள்ளதைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பிள்ளையையும் கூட அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

சக்கரத்துக்குப் பால்ஸ், ஒரு டப்பா கிரீஸ், ஒரு செயின், இரண்டு டயர். அப்பாவின் சைக்கிளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.